கட்டளை வரியில் பணிப்பட்டியல்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காலையில் ஒரு சாளரத்தில் திறந்துவைத்திருந்த பட்டியலைப் பார்த்து, மாலையில் நான்காம் எண் பணி முடிந்துவிட்டது என்று குறித்தேன். கணினி ஏற்றுக்கொண்டது. இடைப்பட்ட நேரத்தில் எண்கள் மாறியிருந்தன என்பதை நான் அறியவில்லை. முடிந்ததாகப் பதிவானது வேறொரு பணி. கெடு நெருங்கிக்கொண்டிருந்த ஒரு விண்ணப்பம். பட்டியலிலிருந்து அது மறைந்துவிட்டதால் என் நினைவிலிருந்தும் மறைந்தது. பதினொரு நாள் கழித்துத் தேடியபோது கெடு கடந்திருந்தது. அதன் பிறகுதான் இந்தக் கருவிகளின் விளக்கப் பக்கங்களை வரி வரியாகப் படித்தேன். அப்படிப் படித்துத் தெரிந்துகொண்டவற்றில், தொடக்கத்திலேயே யாராவது சொல்லியிருந்தால் எனக்கு உதவியிருக்கும் என்று நினைப்பவற்றை இங்கே வரிசையாகத் தருகிறேன்.

முனையத்தைத் திறக்கவும், அதில் ஒரு கட்டளையைத் தட்டச்சு செய்து என்டர் தட்டவும் உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். ‘டாஸ்க் ஆட்’ என்று வரும் இடத்தில், அவ்விரு சொற்களையும் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், நடுவே ஓர் இடைவெளி விட்டுத் தட்டச்சு செய்யுங்கள். முக்காற்புள்ளி, கூட்டல் குறி போன்றவற்றை அப்படியே இடுங்கள். முக்காற்புள்ளிக்கு முன்னும் பின்னும் இடைவெளி கூடாது.

1. எந்தக் கருவி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

பெரும்பாலோர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒன்று டூடூ டெக்ஸ்ட், மற்றொன்று டாஸ்க்வாரியர். இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள்; இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

டூடூ டெக்ஸ்ட் என்பது அடிப்படையில் ஓர் எழுத்து வடிவம். 2006இல் ஜீனா டிரபானி தொடங்கியது. ஒரு சாதாரண உரைக் கோப்பு, ஒரு வரிக்கு ஒரு பணி, அவ்வளவுதான். முதன்மையான பணி என்றால் வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு பேரெழுத்து. திட்டத்தின் பெயருக்கு முன் கூட்டல் குறி. எந்த இடத்தில் அல்லது எந்தக் கருவியோடு செய்ய வேண்டும் என்பதற்கு முன் மின்னஞ்சல் முகவரியில் வரும் அந்த ‘அட்’ குறி. முடிந்த பணியின் வரி, சிற்றெழுத்து எக்ஸும் ஓர் இடைவெளியும் கொண்டு தொடங்கும். இதைக் கட்டளை வரியிலிருந்து கையாள ஒரு சிறிய ஷெல் நிரல் இருக்கிறது (ஷெல் என்பது முனையத்தில் நாம் தட்டும் கட்டளைகளைப் படித்து இயக்கும் மென்பொருள்). அந்த நிரல் ஒருநாள் இல்லாமல் போனாலும் உங்கள் பட்டியலை எந்த உரைத் தொகுப்பானிலும் திறந்து படிக்கலாம். கைப்பேசியிலும் அதே கோப்பைப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கும், மொத்தம் முப்பது, நாற்பது பணிகளுக்கு மேல் சேராதவர்களுக்கும் இதுவே போதும் என்பது என் கருத்து.

டாஸ்க்வாரியர் அதைவிடப் பெரியது. கெடு தேதி, மாதந்தோறும் திரும்ப வரும் பணி, ஒன்று முடிந்த பிறகே மற்றொன்றைத் தொடங்க முடியும் என்ற சார்பு, அவசரத்தைக் கணக்கிட்டு வரிசைப்படுத்துதல் எல்லாம் அதில் உண்டு. தேதிக்குக் கட்டுப்பட்ட வேலைகள் அதிகம் உள்ளவர்கள் இதைத் தேர்ந்தெடுக்கலாம். நான் இதைத்தான் பயன்படுத்துகிறேன்; கீழே வருபவை பெரும்பாலும் இதைப் பற்றியவை.

இரண்டையும் ஒரே நேரத்தில் முயன்று பார்க்க வேண்டாம். ஒரு பணி எந்தப் பட்டியலில் இருக்கிறது என்ற ஐயம் வந்துவிட்டால் இரண்டு பட்டியல்களுமே நம்பிக்கையை இழந்துவிடும்.

2. நிறுவுதல்: பெயர் குழப்பத்தில் கவனம்

இணைய இணைப்பு இருந்தால் நிறுவ ஐந்து நிமிடம் ஆகும். ஆனால் தொகுப்பின் பெயர் இடத்துக்கு இடம் மாறுகிறது. லினக்ஸ் வகைகளான டெபியனிலும் உபுண்டுவிலும் ‘டாஸ்க்வாரியர்’ என்ற முழுப் பெயரில் தேட வேண்டும். ஃபெடோரா, ஆர்ச் ஆகிய லினக்ஸ் வகைகளிலும், மேக் கணினியில் ஹோம்ப்ரூ என்ற நிறுவுகருவி வழியாக நிறுவும்போதும், தொகுப்பின் பெயர் வெறும் ‘டாஸ்க்’. விண்டோஸில் இதற்கு நேரடிப் பதிப்பு இல்லை. முதலில், விண்டோஸுக்குள் லினக்ஸை இயக்க உதவும் டபிள்யூஎஸ்எல் நிறுவி, அதற்குள் உபுண்டுவை வைத்து, அங்கே நிறுவ வேண்டும். அதற்குக் கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்ய வேண்டியிருக்கலாம் என்பதால் அரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ‘கோ டாஸ்க்’ என்று வேறொரு மென்பொருள் உண்டு. அது நிரலாளர்கள் தங்கள் திட்டங்களைக் கட்டமைக்கப் பயன்படுத்துவது. பணிப்பட்டியலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் அதை இயக்கும் கட்டளையும் ‘டாஸ்க்’ என்பதே. ஆகவே நிறுவியதும் ‘டாஸ்க் வெர்ஷன்’ என்று கேட்டு, டாஸ்க்வாரியர் என்ற பெயரே விடையாக வருகிறதா என்று பாருங்கள். அங்கே வரும் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்; உபுண்டு 24.04, டெபியன் 12 ஆகியவற்றின் களஞ்சியங்களில் கிடைப்பது 2.6 வரிசை, புதிய அமைப்புகளில் கிடைப்பது 3 வரிசை. இந்த வேறுபாடு கடைசிப் படியில் மிக முக்கியமாகும்.

முதன்முறை இயக்கும்போது அமைப்புக் கோப்பு எதுவும் இல்லை, மாதிரி ஒன்றை உருவாக்கலாமா என்று அது கேட்கும். ‘யெஸ்’ என்று முழுமையாகத் தட்டச்சு செய்யுங்கள். அந்தக் கோப்பு உங்கள் இல்லக் கோப்புறையில், முற்றுப்புள்ளியில் தொடங்கும் பெயரோடு உருவாகும். அத்தகைய கோப்புகள் வழக்கமான பட்டியலில் தெரியாது. தரவுகள் ‘டாட் டாஸ்க்’ என்ற மறைவான கோப்புறையில் சேரும். உங்களுடையவை என்று பாதுகாக்க வேண்டியவை இந்தக் கோப்பும் இந்தக் கோப்புறையும் மட்டுமே.

நிறங்கள், அறிக்கை வடிவங்கள், சுருக்கக் கட்டளைகள் என்று அமைப்புக் கோப்பைத் திருத்தும் ஆசை இப்போதே வரும். இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள். உங்களுக்கு எது தேவை என்பது பயன்படுத்திய பிறகே தெரியும். அதற்கு முன் செய்யும் அலங்காரம் அனைத்தும் பின்னால் நீக்க வேண்டியதாகவே முடிகிறது.

3. பணிகளைச் சேர்த்தல்

‘டாஸ்க் ஆட்’ என்று தட்டி, அதன் பின் பணியை எழுதி, என்டர் தட்டினால் பணி சேர்ந்துவிடும். வேலையின் நடுவே ஒன்று நினைவுக்கு வந்தால், கையை விசைப்பலகையிலிருந்து எடுக்காமல் ஐந்து விநாடியில் பதிந்துவிட்டு விட்ட இடத்துக்குத் திரும்பலாம். கட்டளை வரியை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இந்த ஐந்து விநாடிதான் காரணம்.

ஆனால் நீங்கள் எழுதும் வரியை டாஸ்க்வாரியருக்கு முன் ஷெல் படித்துவிடுகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. ஷெல்லுக்கென்று சில குறிகள் உண்டு. ஒற்றை மேற்கோள் குறியை நடுவில் இட்டுவிட்டால் அது மூடும் குறியை எதிர்பார்த்து அடுத்த வரியில் காத்துக்கொண்டிருக்கும். முனையம் உறைந்துவிட்டதைப் போலத் தோன்றும். கன்ட்ரோல் சி தட்டி வெளியே வாருங்கள். ‘#’ குறியில் தொடங்கும் சொல்லை எழுதினால், பாஷ் என்ற பரவலான ஷெல் அந்த இடத்திலிருந்து வரியின் இறுதிவரை உள்ள அனைத்தையும் குறிப்பு என்று கருதி விட்டுவிடும். பணி பாதியாகப் பதிவாகும், எச்சரிக்கையும் வராது. டாலர் குறி இன்னும் நுட்பமானது. இரட்டை மேற்கோளுக்குள் $500 என்று எழுதினால், $5 என்பதை பாஷ் ஒரு மாறியாக எடுத்துக்கொண்டு, அது வெறுமையாக இருப்பதால் நீக்கிவிடும். உங்கள் பட்டியலில் நிற்பது 00 மட்டுமே. எனவே பணியின் முழு வாசகத்தையும் ஒற்றை மேற்கோள்களுக்குள் எழுதும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். கெடு, திட்டம் போன்றவற்றை மேற்கோளுக்கு வெளியே எழுதுங்கள்.

பணியின் வாசகத்தைத் தமிழில் எழுதலாமா என்று கேட்பீர்கள். எழுதலாம், ஒருங்குறியில் பதிவாகும், தேடினாலும் கிடைக்கும். பல முனையச் செயலிகள் தமிழ் உயிர்மெய்க் குறிகளைச் சரியாகச் சேர்த்துக் காட்டுவதில்லை என்பதே சிக்கல். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்தை விட்டுத் தனியே நிற்கும், பத்திகள் ஒன்றுக்கொன்று நேராக அமையாது. இது காட்சியில் வரும் குறை. தரவுக்கு எந்தச் சேதமும் இல்லை. வேறொரு முனையச் செயலியை முயன்று பாருங்கள். திட்டப் பெயர்களையும் குறிச்சொற்களையும் மட்டும் ஆங்கில எழுத்தில், ஒரே சொல்லாக வைத்துக்கொள்வது நல்லது. நாளுக்குப் பலமுறை அவற்றைத் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும்.

கடவுச்சொல், கணக்கு எண் போன்றவற்றைப் பணியின் வாசகத்தில் எழுதவே எழுதாதீர்கள். பட்டியலில் மட்டுமின்றி ஷெல்லின் கட்டளை வரலாற்றுக் கோப்பிலும் அது வெளிப்படையாகத் தங்கிவிடும்.

4. எண்களை நம்புவதற்கு முன்

‘டாஸ்க்’ என்று மட்டும் தட்டினால் பட்டியல் வரும். ஒவ்வொரு பணிக்கும் முன் ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை முதலில் எழுதி, செய்ய வேண்டியதை அடுத்து எழுத வேண்டும்: ‘டாஸ்க் 4 டன்’ என்றால் நான்காம் பணி முடிந்தது. ‘டாஸ்க் 4 மாடிஃபை’ என்றால் நான்காம் பணியில் மாற்றம்.

இந்த எண் பணிக்கு நிரந்தரமாகச் சொந்தமானது அல்ல. சில பணிகள் முடிந்த பிறகு, நீங்கள் அடுத்த முறை பட்டியலைக் கேட்கும்போது, இடைவெளிகளை நிரப்பி எண்கள் புதிதாக வழங்கப்படுகின்றன. எனக்கு நேர்ந்தது இதுதான். ஒரு சாளரத்தில் காலைப் பட்டியல் அப்படியே இருந்தது. மற்றொரு சாளரத்தில் இரண்டு பணிகளை முடித்துவிட்டு மீண்டும் பட்டியலைப் பார்த்தேன். அப்போது எண்கள் மாறிவிட்டன. பிறகு முதல் சாளரத்துக்குத் திரும்பி, அங்கே தெரிந்த பழைய எண்ணைக் கொண்டு கட்டளையிட்டேன்.

இதிலிருந்து தப்ப மூன்று பழக்கங்கள் போதும். எண்ணைப் பயன்படுத்துவதற்கு உடனடியாக முன்னால், அதே சாளரத்தில், பட்டியலை ஒருமுறை கேளுங்கள். கட்டளையிட்டதும் கீழே வரும் வரியைப் படியுங்கள். எந்தப் பணி முடிந்ததாகக் குறிக்கப்பட்டது என்பதை அதன் வாசகத்தோடு டாஸ்க்வாரியர் காட்டுகிறது. அன்று அந்த ஒரு வரியைப் படித்திருந்தால் என் விண்ணப்பம் தப்பியிருக்கும். தவறு என்று தெரிந்தால், வேறெதுவும் செய்வதற்கு முன் ‘டாஸ்க் அன்டூ’ என்று தட்டுங்கள். கடைசியாகச் செய்த மாற்றம் திரும்பப் பெறப்படும். அன்டூ கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னோக்கிச் செல்லும். நடுவிலுள்ள ஒன்றை மட்டும் தேர்ந்து திருப்ப முடியாது. நாள் கடந்துவிட்டதென்றால், ‘டாஸ்க் கம்ப்ளீட்டட்’ என்ற அறிக்கையில் முடிந்த பணிகளைத் தேடிப் பார்க்கலாம்.

எண்ணை எழுத மறந்து ‘டாஸ்க் மாடிஃபை’ என்று நேரே தொடங்கிவிட்டால், வடிகட்டி (எந்தப் பணி என்று சுட்டும் பகுதி) எதுவும் இல்லை, எல்லாப் பணிகளும் மாறும், உறுதியா என்று அது கேட்கும். அந்தக் கேள்விக்குப் பழக்கத்தில் ‘யெஸ்’ என்று சொல்லிவிடாதீர்கள்.

டூடூ டெக்ஸ்ட் பயன்படுத்துபவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. அங்கே எண் என்பது கோப்பில் அந்த வரி இருக்கும் இடம். பணியை முடித்ததும், இயல்பான அமைப்பில், அந்த வரி முடிந்தவற்றுக்கான தனிக் கோப்புக்கு நகர்த்தப்படுகிறது. கீழிருந்த வரிகள் எல்லாம் ஓர் எண் மேலே ஏறுகின்றன. மூன்றையும் ஐந்தையும் முடிக்க வேண்டுமென்றால் இரண்டு எண்களையும் ஒரே கட்டளையில் கொடுங்கள், அல்லது பெரிய எண்ணை முதலில் முடியுங்கள்.

5. கெடு தேதி: ‘இன்று’ என்றால் எந்த நேரம்?

பணியைச் சேர்க்கும்போதே ‘டியூ:’ என்று எழுதி, அதையொட்டித் தேதியைக் கொடுக்கலாம். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில், 2026-03-15 என்பதைப் போல எழுதுவது எப்போதும் செல்லும். இன்று, நாளை, கிழமைப் பெயர்கள் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களையும் அது புரிந்துகொள்ளும். புரிந்துகொள்ளும் விதம் மட்டும் நாம் நினைப்பதுபோல இருக்காது.

‘டியூ:டுடே’ என்றால் இன்று நள்ளிரவு 00:00 மணி. அதாவது இந்த நாள் பிறந்த கணம். அது ஏற்கனவே கடந்துவிட்டதால் பணி சேர்ந்த நொடியிலேயே காலம் கடந்ததாகச் சிவப்பில் நிற்கும். ‘டியூ:டுமாரோ’ என்றால் நாளை பிறக்கும் கணம். உண்மையில் இன்றிரவுக்குள் என்று பொருள். வெள்ளிக்கிழமை என்று கொடுத்தால், வெள்ளி முழுவதும் அந்தப் பணி காலம் கடந்ததாகவே தெரியும். வெள்ளிக்கிழமை அன்றே வெள்ளி என்று எழுதினால் அடுத்த வாரத்து வெள்ளி பதிவாகும். இது எல்லாவற்றிலும் ஆபத்தானது, ஏனென்றால் ஏழு நாள் பிழை அமைதியாக நுழைந்துவிடுகிறது.

இன்றைக்குள் என்று சொல்ல ‘இஓடி’ என்ற மூன்றெழுத்துச் சுருக்கம் இருக்கிறது. நாளின் முடிவு என்பது அதன் பொருள். குறிப்பிட்ட நேரம் வேண்டுமென்றால் தேதியையும் நேரத்தையும் பேரெழுத்து டி கொண்டு இணைத்து எழுதுங்கள். அரசு, வங்கி, தேர்வு போன்ற தவறவிடக் கூடாத கெடுக்களுக்குக் கிழமைப் பெயரைப் பயன்படுத்தவே வேண்டாம், எண்களில் எழுதுங்கள்.

6. திட்டம், முதன்மை, அவசரம்

‘ப்ராஜெக்ட்:’ என்று எழுதி ஒரு பெயரைக் கொடுத்தால் பணி அந்தத் திட்டத்தின் கீழ் சேரும். கூட்டல் குறியோடு ஒரு சொல் எழுதினால் அது குறிச்சொல். ‘ப்ரையாரிட்டி:’ என்பதற்கு எச், எம், எல் ஆகிய மூன்று பேரெழுத்துகளில் ஒன்று.

இவற்றையெல்லாம் கூட்டி ஒவ்வொரு பணிக்கும் ஓர் அவசர மதிப்பெண் கணக்கிடப்பட்டு, அந்த வரிசையிலேயே பட்டியல் வருகிறது. இயல்பான அமைப்பில் உயர் முதன்மைக்கு 6, இடை முதன்மைக்கு 3.9, தாழ் முதன்மைக்கு 1.8. கெடுவுக்கு அதிகபட்சம் 12. கெடு கடந்து ஏழு நாள் ஆன பணிக்கே அது முழுமையாகக் கிடைக்கும். கெடு இரண்டு வாரத்துக்கு அப்பால் இருந்தால் அதில் ஐந்தில் ஒரு பங்குதான். ‘நெக்ஸ்ட்’ என்ற குறிச்சொல்லுக்கு மட்டும் 15 என்பதால், அதை இட்ட பணி ஏறக்குறைய எப்போதும் மேலே நிற்கும். ஒரு நேரத்தில் ஒரு பணிக்கு மேல் அதை இடாதீர்கள்.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால், கெடு இல்லாத பணிகளுக்கு ‘இந்த வாரத்துக்குள் முடித்தால் நன்று’ என்று கற்பனைக் கெடு கொடுப்பது ஏன் தீங்கு என்பது விளங்கும். நான் முதல் மாதம் அப்படித்தான் செய்தேன். இருபது பணிகள் சிவப்பில் நின்றன. அவற்றுள் இரண்டுக்குத்தான் உண்மையான கெடு இருந்தது. பிறர் விதித்த தேதிக்கு மட்டும் கெடு கொடுங்கள். தாமாக வேண்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பவற்றுக்கு ‘வெயிட்:’ என்று எழுதி ஒரு தேதியைக் கொடுத்தால், அந்த நாள்வரை அவை பட்டியலில் தெரியாமல் காத்திருக்கும்.

7. திரும்ப வரும் பணிகள்

‘ரீகர்:மன்த்லி’ என்று சேர்த்தால் பணி மாதந்தோறும் வரும். கெடு தேதியும் கட்டாயம் கொடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் ஏற்காது. மாதாந்திரக் கட்டணம், ஆண்டுப் புதுப்பிப்பு போன்றவற்றுக்கு இது மிகப் பொருத்தம்.

அன்றாடப் பழக்கங்களுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம். முந்தையது முடியவில்லை என்றாலும் அடுத்தது உருவாகிவிடும். பத்து நாள் கணினிப் பக்கம் வராமல் இருந்துவிட்டுத் திறந்தால் தவறிய நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பணி வரிசையில் நிற்கும்.

8. இரண்டு கணினிகளில் ஒரே பட்டியல்

தரவுக் கோப்புறையை ஒரு கோப்புப் பகிர்வுச் சேவைக்குள் வைத்துவிட்டால் இரண்டு கணினிகளிலும் வந்துவிடுமே என்று தோன்றும். செய்யாதீர்கள். 3 வரிசையில் தரவு முழுவதும் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தள வடிவில் ஒரே கோப்பில் இருக்கிறது. இரண்டு கணினிகள் அதில் எழுதினால் முரண்பட்ட இரு படிகள் உருவாகும். ஒன்றை வைத்துக்கொண்டால் மற்றதில் சேர்த்தவை போய்விடும். நான் அப்படி ஒரு மாலை நேரத்துப் பதிவுகளை முழுவதும் இழந்தேன்.

டாஸ்க்வாரியரிலேயே ‘டாஸ்க் சிங்க்’ என்ற கட்டளை இருக்கிறது. அதற்கு ஒரு சேவையகம் வேண்டும். சொந்தமாக நடத்தலாம், அல்லது மேகச் சேமிப்பைப் பயன்படுத்தலாம். கட்டணம் என்று ஏதாவது வருமானால் இந்த இடத்தில்தான் வரும். மேகச் சேமிப்பைத் தொடங்குவதற்கே பெரும்பாலும் கட்டண அட்டை கேட்பார்கள். 3 வரிசையில் தரவு குறியாக்கம் செய்யப்பட்டே அனுப்பப்படுகிறது. அதற்கான இரகசியச் சொல்லை நீங்கள் இரண்டு கணினிகளிலும் ஒன்றுபோலக் கொடுக்க வேண்டும், தொலைத்துவிட்டால் சேவையகத்தில் உள்ளதைப் படிக்க வழியில்லை. ஒரு நாள் விடுமுறை இருந்தால் மட்டும் இதில் இறங்குங்கள். ஒரே கணினியில் வேலை செய்பவர் இந்தப் படியைத் தாண்டிச் செல்லலாம்.

9. காப்பும் பதிப்பு மாற்றமும்

2024இல் வெளிவந்த 3.0 பதிப்பு, தரவைச் சேமிக்கும் முறையையே மாற்றிவிட்டது. 2 வரிசையின் கோப்புகளை அது தானாகப் பயன்படுத்தாது. இயங்குதளத்தைப் புதுப்பிக்கும்போது டாஸ்க்வாரியரும் 2இலிருந்து 3க்குச் சென்றுவிட்டால், மறுநாள் காலையில் உங்கள் பட்டியல் வெறுமையாக இருக்கும். பதற வேண்டாம், பழைய கோப்புகள் அங்கேயேதான் இருக்கும். ஆனாலும் புதுப்பிப்பதற்கு முன்பே ‘டாஸ்க் எக்ஸ்போர்ட்’ என்ற கட்டளையின் வெளியீட்டை ‘>’ குறி கொண்டு ஒரு கோப்புக்குத் திருப்பி வைத்துக்கொண்டால், பிறகு ‘டாஸ்க் இம்போர்ட்’ என்று அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்து இரண்டு நிமிடத்தில் மீட்டுவிடலாம். முடிந்த பணிகளும் அதில் அடங்கும். கோப்பு ஜேசன் என்ற பொதுவான உரை வடிவில் இருப்பதால் வேறு கருவிக்கு மாறினாலும் பயன்படும்.

இதை நாள்தோறும் தானாக நடக்கும்படி, குறித்த நேரத்தில் கட்டளைகளை இயக்கும் கிரான் என்ற கருவி வழியாக அமைத்துவிடுங்கள். அங்கே இரண்டு இடங்களில் நான் இடறினேன். கோப்பின் பெயரில் தேதி வருவதற்காக எழுதிய சதவீதக் குறியை, கிரான் வரி முடிந்ததாக எடுத்துக்கொள்கிறது. அதன் முன் ஒரு பின்சாய்கோடு இட வேண்டும். அடுத்து, கிரானுக்கு நம் முனையம் அறிந்த பாதைகள் எல்லாம் தெரியாது. ‘விச் டாஸ்க்’ என்று கேட்டு, வரும் முழுப் பாதையை அப்படியே எழுதுங்கள். இல்லாவிட்டால் நாள்தோறும் கோப்பு உருவாகும். திறந்து பார்த்தால் உள்ளே எதுவும் இருக்காது.

அமைத்த மறுநாளே காப்பைச் சோதியுங்கள். வெறுமையான ஒரு தற்காலிகக் கோப்புறையை உருவாக்கி, பேரெழுத்துகளில் ‘டாஸ்க்டேட்டா’ என்ற சூழல் மாறியை (அந்தச் சாளரத்தில் இயங்கும் நிரல்கள் படிக்கும் அமைப்பு மதிப்பு) அந்தக் கோப்புறைக்குச் சுட்டி, காப்புக் கோப்பை அதற்குள் இம்போர்ட் செய்யுங்கள். அங்கே ‘டாஸ்க் கவுன்ட்’ என்று கேட்டு எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, புதிய முனையச் சாளரத்தைத் திறந்து உண்மையான பட்டியலிலும் அதே கட்டளையைக் கொடுங்கள். காப்பு எடுத்த பிறகு எதையும் சேர்க்கவில்லை என்றால் இரண்டு எண்களும் ஒன்றாக வர வேண்டும்.